தேருக்கு முன்னால் நடப்பவர்களைப் பாருங்கள்

தை பாதி தாண்டிவிட்டால் ஆற்காட்டில் என் தையல் கடைக்கு வரும் ஆண்கள் சட்டைக்கு அளவு கொடுக்க வருவதில்லை. பாவாடைக்கு அளவு கொடுக்க வருகிறார்கள். சிப்காட்டில் தோல் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்பவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர், பாலிடெக்னிக் படிக்கும் பையன். "யக்கா, கறுப்புத் துணி, சிகப்பு பார்டர். சுத்துனா நல்லா விரியணும்" என்பார்கள். இடுப்பையும் உயரத்தையும் அளந்து நோட்டில் பேரெழுதி, பேருக்குப் பக்கத்தில் என்ன வேஷம் என்றும் குறித்துக்கொள்வேன். காளி, அங்காளி, காட்டேரி, பாவாடைராயன்.

மயானக் கொள்ளைக்கு வேஷம் கட்டுவதாக வேண்டிக்கொண்டவர்கள் இவர்கள். மனைவிக்குப் பிரசவம் நல்லபடி ஆனது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் சரியாக முடிந்தது, தம்பிக்குக் குடி விட்டது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். நான் கேட்பதில்லை. அளவெடுக்கும்போது அவர்களே சொல்வார்கள்.

சிவராத்திரியோடு பனி சிவ சிவா என்று ஓடிவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மாமரம் பூத்திருக்கும். புங்கன் இலை உதிர்த்துத் துளிர்விடத் தொடங்கியிருக்கும். வெயில் இன்னும் வேலூர் வெயிலாக மாறியிருக்காது. அந்த மாசி அமாவாசையை ஒட்டி, மயானக் கொள்ளைக்காக வேலூரில் ஓல்டு டவுன், சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம், விருதம்பட்டு, கழிஞ்சூர் என்று பகுதிக்கு ஒரு அங்காளபரமேசுவரி புறப்பட்டுப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு வந்து சேர்வாள். ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கமும் அப்படித்தான். வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர் முழுக்கத் தெருவுக்கு வந்துவிடும் நாள் அது.

அந்த நாளுக்கு ஒரு குறை வந்திருக்கிறது. வசூலாகும் பணமும் கேமராக்களின் கண்ணும் தேர்ப்பக்கம் போய்விட்டன. தேர் வருஷத்துக்கு வருஷம் உயர்கிறது. சீரியல் விளக்கு கூடுகிறது. ஸ்பீக்கர் வண்டி பெரிதாகிறது. அதற்கு முன்னால் தார் ரோட்டில் வெறுங்காலில் நடக்கும் வேஷக்காரருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க விழாக்குழுவில் ஆள் இல்லை. இந்த வரிசை மாற வேண்டும். மாற்றுவதற்கான நியாயம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, விழாவின் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அங்காளபரமேசுவரி கோயில் இருக்கும் மேல்மலையனூரில் சொல்லும் கதை இது. பிரம்மாவுக்கு முதலில் ஐந்து தலை. ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளி எடுக்க, அந்தக் கபாலம் அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. பிச்சையாக வாங்கிய சோற்றையெல்லாம் கபாலம் தின்றுவிட, அவர் பசியோடு சுடுகாடு சுடுகாடாக அலைந்தார். சாபத்தால் உருவம் குலைந்து மலையனூருக்கு வந்து புற்றில் குடியிருந்த பார்வதி, சுடுகாட்டில் சோற்றை வாரி இறைத்தாள். ருசி கண்ட கபாலம் சோற்றைப் பொறுக்கக் கீழே இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் பேருருவம் எடுத்து அதைக் காலால் மிதித்தாள். கபாலம் அடங்கியது, அவள் அடங்கவில்லை. அவள் ஆவேசத்தைத் தணிக்கத் தேவர்கள் கூடித் தேராக நின்று அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

மேல்மலையனூரில் மாசித் திருவிழா 13 நாள் நடக்கும். சிவராத்திரியன்று கொடி ஏறும். இரண்டாம் நாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள்தான் தேர். அந்தத் தேரையும் ஒவ்வொரு வருஷமும் பச்சை மரம் கொண்டு புதிதாகக் கட்டுகிறார்கள். கொள்ளை நாளில் அம்மன் தரையில் கால்பதித்து நடக்கிறாள், மிதிக்கிறாள். தேர் என்பது எல்லாம் முடிந்து அவள் ஆறிய பிறகு வருவது. எங்கள் ஊர்களில் இரண்டையும் ஒரே பகலுக்குள் நெருக்கிவிட்டோம். ஒருநாள் லீவு, ஒரே வசூல், ஒரே மேளம் என்று அதற்குக் காரணம் உண்டு, அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கிய இடத்தில் பின்னால் வரவேண்டிய தேர் முன்னால் வரவேண்டியவர்களைத் தள்ளிவிட்டது. அதைத்தான் குற்றம் என்கிறேன்.

வேஷம் என்றால் தெருவில் நின்று பார்ப்பவருக்கு முகச்சாயம்தான் கண்ணில் படும். அதற்குள் இருக்கும் வேலை பெரியது. காளிக்குக் கணுக்கால் தெரியும் பாவாடை, இறுக்கமான ரவிக்கை. சணலைச் சாயத்தில் முக்கி உலர்த்திப் பிரித்துக் கட்டும் சடை. எலுமிச்சம்பழ மாலை, கபால மாலை. முதுகில் கட்டும் கூடுதல் கைகள். கூத்துக்கு நகை செய்பவர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். எடையே தெரியாத மரம். விடிய விடியத் தலையில் இருந்தாலும் கழுத்து நோகாது. இப்போது அதற்குச் செலவழிக்க முடியாதவர்கள் தெர்மாகோலில் தங்க பேப்பர் ஒட்டிக்கொள்கிறார்கள். வெயிலில் பசை இளகி, சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மனின் இரண்டு கை தொங்கிப் போகிறது. அந்தப் பையன் அதைக் கையால் பிடித்துக்கொண்டே ஆடுவான். பார்க்கப் பொறுக்காது.

தொங்கும் நாக்கை நான் சிவப்பு ரெக்சினில் வெட்டுகிறேன். தோல்துண்டுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வெட்டுத்துண்டு எடைபோட்டு விற்பார்கள், நல்ல சிவப்பிலும் கிடைக்கும். ஆனால் விரதம் இருக்கும் வாயில் தோல் படக்கூடாது என்பார்கள். அந்த ஒழுங்கை மதிக்கிறேன். அதே சமயம், இந்த விழாவின் சத்தம் முழுக்கத் தோலிலிருந்துதான் வருகிறது. பம்பை என்பது ஜோடி மேளம். அதில் ஒன்று மரம், ஒன்று பித்தளை, இரண்டுக்கும் முகம் தோல். உடுக்கைக்கும் தோல்தான். அந்தத் தோலின் நாற்றத்தோடு தினம் வீடு திரும்புகிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள். பம்பைக்காரர் அம்மன் வர்ணிப்பைத் தொடங்கி அடியை ஏற்றும்போது சாமி வருவதும் அவர்களில் ஒருவருக்குத்தான். வருஷம் முழுக்க ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் ஆள், அந்த ஒரு பகலில் நடுத்தெருவில் அம்மனாக நிற்கிறார். அவர் காலில் குடம் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசுகிறார்கள். கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்து வாங்குகிறார்கள். தேர் எத்தனை அடி உயர்ந்தாலும் இந்த வேலையைச் செய்ய முடியுமா?

எனக்கு இந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தவர் தோப்புகானாப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு பாய். மொகரத்துக்குப் புலிவேஷம் கட்டுவது தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருந்த வழக்கம். அந்தப் புலிகளுக்குக் கால்சட்டை தைத்த கை அவருடையது. மாசி வந்தால் அதே மெஷினில் காளிக்கும் தைப்பார். "வேஷத்துக்குத் தைக்கும்போது தையலை நெருக்கிப் போடும்மா. ஆடுறவன் நிதானத்துல இருக்க மாட்டான், துணிதான் அவன் மானத்தைக் காப்பாத்தணும்" என்பார். இன்றைக்கும் வேஷத் துணி என்றால் இரட்டைத் தையல்தான் போடுகிறேன்.

முகத்துக்குப் பூசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கூத்துக்காரர்கள் பூசிய அரிதாரமே ஆர்சனிக் சேர்ந்த கனிமம்தான். பழையது என்பதால் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்றைய பையன்கள் ஹார்டுவேர் கடையில் எனாமல் பெயின்ட் டப்பா வாங்கி முகத்திலும் மார்பிலும் பூசிக்கொள்கிறார்கள். ராத்திரி அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். மறுநாள் முகம் வெந்து தோல் உரிந்து வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பயன்படுத்தும் சாயம் கடையில் கிடைக்கிறது. ஒரு பகுதியின் வேஷக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வாங்கினாலும் ஒரு பிளெக்ஸ் பேனர் செலவைத் தாண்டாது.

பாட்டுக்கு வருகிறேன். பம்பைக்கும் ஆடுகிறவருக்கும் நடுவே பேச்சு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அவர் தளர்ந்தால் இவர் அடியைக் குறைப்பார், அவர் கண் மேலே போனால் இவர் வர்ணிப்பை நிறுத்தி வெறும் தாளத்தில் பிடித்துக்கொள்வார். அருள் எல்லை மீறிப் போகாமல் ஆளைத் திரும்பக் கூட்டிவருவதும் பம்பைக்காரர் பொறுப்பு. பின்னால் வரும் வண்டியில் ஆளுயர ஸ்பீக்கர் அலறும்போது இந்தப் பேச்சு அறுந்துபோகிறது. அது யாரையும் பார்த்து அடிப்பதில்லை, யார் மயங்கி விழுந்தாலும் நிற்பதில்லை. எங்கள் பக்கத்துப் பம்பைக்காரர்கள் பலர் அப்பாவிடமிருந்து கற்றவர்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொண்டால் அடையாள அட்டை கிடைக்கும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அட்டை வாங்கிய கலைஞரை வருஷத்தின் பெரிய நாளில் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்திவைத்தால் அந்த அட்டையை வைத்து அவர் என்ன செய்வார்?

தேரின் உயரம் அழகு பற்றிய விஷயம் மட்டுமில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. எங்கள் தேர் ரோட்டோடு நிற்பதில்லை, ஆற்றங்கரை மண்ணுக்கும் இறங்குகிறது. மணலில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால் உயரமான தேர் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றிலும் நிற்பது பெண்களும் குழந்தைகளும். பக்கத்துப் பகுதித் தேரைவிட ஓரடி கூடுதல் என்பதற்காக இந்த ஆபத்தை ஒரு விழாக்குழு விலைகொடுத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுடுகாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விழாவைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பிணம் தெருமுனை தாண்டும்போது எங்களை நிறுத்திவிடுவார்கள். என் அம்மா போனபோது நான் அந்த முனையில்தான் நின்றேன். எங்கே புதைத்தார்கள், தலை எந்தத் திசை என்று தம்பி வந்து சொல்லித்தான் தெரியும். மயானக் கொள்ளையன்று மட்டும் அந்தத் தடை இல்லை. அம்மனே சுடுகாட்டுக்குப் போகும்போது பெண்ணை யார் தடுப்பது? கூடையில் கொழுக்கட்டை, அவித்த சுண்டல், முருங்கைக்கீரை, அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போவேன். மேட்டைக் கையால் தட்டிச் சரிசெய்து, மஞ்சள் தெளித்து, இலை போட்டுப் படைப்பேன். சுற்றிலும் அதேபோல நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் ஆட்களின் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. பிள்ளைகளுக்கு, "இதுதான் உங்க ஆயா, கும்பிட்டுக்கோ" என்று காட்டுவார்கள். பிறகு பம்பை நெருங்கும், வேஷங்கள் உள்ளே வரும், மண்ணில் செய்து கிடத்திய பெரிய அம்மன் உருவத்துக்கு முன்னால் சூறை விடுவார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் காசும் காய்கறியும் வானத்திலிருந்து விழும். எல்லோரும் முந்தானையை விரித்துப் பிடிப்போம்.

கீழே விழுந்ததையும் பொறுக்கித் தின்போம். பிள்ளை வரம் கேட்பவர்கள் மடியில் கட்டிக்கொள்வார்கள், விவசாயிகள் தானியத்தை எடுத்துப் போய் நிலத்தில் போடுவார்கள். அதனால்தான் அந்த மண்ணைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை. பாலாற்றங்கரையில் பாட்டில் சில்லும் எரித்த குப்பையும் கிடக்கின்றன. தோல் கழிவுநீர் இந்த ஆற்றை என்ன செய்தது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் விரிவாகச் சொன்னது. 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. தோல் தொழிலால் சாப்பிடுகிற ஊர் எங்களுடையது, தொழிலை மூடு என்று நான் கேட்கவில்லை. ஆண்டுக்கொரு நாள் ஊரே உட்கார்ந்து சோற்றைப் பொறுக்கித் தின்கிற கரை, உட்காரத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம், இதை ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. உயிர்க்கோழியின் கழுத்தைக் கடிக்கும் படத்தைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். அது நடக்கிறது, மறைக்கவில்லை. வேண்டுதலாகச் செய்பவர் ஒருவர் என்றால், கைபேசியை நீட்டியவர்களுக்காகச் செய்பவர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள். என் கருத்து, அது போகட்டும். கோழி இல்லாமல் காளி குறைந்துபோக மாட்டாள். ஆனால் அதை நிறுத்த வேண்டியது வேஷம் கட்டுகிறவர்களும் அவர்கள் குடும்பமும் பேசி. 2003இல் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை அரசு மேலிருந்து அமல்படுத்தப் போய், மறுவருஷமே அந்தச் சட்டத்தை விலக்கிக்கொள்ள வேண்டி வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

வேஷம் கட்டுவதை நடுவில் வைத்து நடக்கும் விழாக்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவில் வேஷம் கட்டுகிறவர்கள் ஊர் ஊராகத் தசரா குழு அமைத்து, விரதமிருந்து, வீடு வீடாகத் தர்மம் எடுத்து அந்தக் காசைக் கோயிலில் சேர்க்கிறார்கள். திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் பைராகி, தோட்டி, தொர, மாதங்கி என்று நாளுக்கொரு வேஷம், ஆண்கள் சேலை கட்டிப் பெண்ணாகி வருவார்கள். எங்கோ தூரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலும் இதே மாசி பங்குனியை ஒட்டி மூன்று நாள் வேஷத் திருவிழா நடக்கிறது. மகள் கைபேசியில் காட்டினாள். அதிகாலை 4 மணிக்கு ஊரின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முகமூடி போட்டவர்கள் வரைந்த விளக்குகளோடு முரசும் குழலுமாகப் புறப்படுகிறார்கள். ஊர் மக்கள் சின்ன உலோக வில்லை ஒன்றை விலைக்கு வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள், விற்ற பணம் வேஷக் குழுக்களுக்குப் போகிறது. 2017இல் யுனெஸ்கோ அந்த விழாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வருவது எனக்குப் பெரிதில்லை. வில்லைப் பணம் யாருக்குப் போகிறது என்பதைத்தான் கவனித்தேன்.

எங்களாலும் அது முடியும். வேஷம் கட்டுகிறவர் தன் துணிக்கும் சடைக்கும் தானே கடன் வாங்குகிறார். என் கடை நோட்டில் சித்திரை வரை பாக்கி நிற்கும். நானும் கேட்பதில்லை, ஆனால் அந்தச் சுமை அவர் ஒருவருடையதாக இருக்கக் கூடாது. ஊருக்காக அம்மனாக நிற்பவருக்கு ஊர்தான் துணி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஊர்வலம் போகும் வழியில் தரையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக ஒரு லாரி, குடிக்க மோர், சுடுகாட்டில் பெண்களுக்கு மறைப்பான கழிப்பிடம், தேருக்கு ஒரு உயர வரம்பு. பம்பைக்கும் ஸ்பீக்கர் வண்டிக்கும் நடுவே ஒரு தெரு நீள இடைவெளியாவது வேண்டும். வண்டியே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

தை மாதம் ஒவ்வொரு பகுதியிலும் விழாக்குழு கூடும். நீளமான வரவு செலவு நோட்டைத் திறந்து முதல் வரியில் தேர் அலங்காரம் என்று எழுதி, அதற்கு நேரே பெரிய தொகையைப் போடுவார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த முதல் வரியில் வேஷம் கட்டுகிறவர்களின் பெயரை எழுதுங்கள். யார் யார் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் என் கடைக்கு ஒருவரை அனுப்புங்கள், நோட்டு என்னிடம் இருக்கிறது.